இசைக்கும் வேண்டும் எழுத்து

தை பிறந்துவிட்டால் கொங்கு நாட்டின் கல்யாண மண்டபங்களுக்கு ஓய்வில்லை. திருப்பூரிலிருந்து அவிநாசி, பல்லடம், காங்கயம், தாராபுரம் என எந்தச் சாலையில் சென்றாலும், முகூர்த்த நாளில் வாழைமரம் கட்டிய வாயில்களைக் காணலாம். இம்மண்டபங்களில் அண்மைக் காலமாக ஒரு மாற்றத்தைக் கவனித்து வருகிறேன். முதல்நாள் மாலை வரவேற்பு நிகழ்ச்சியில், இருபது பேர் கொண்ட ஆர்கெஸ்ட்ராவுக்குப் பதிலாக ஒரு கிதார் கலைஞரும் ஒரு பாடகரும், சில இடங்களில் தாளத்துக்கு ஒருவரும் மட்டுமே மேடையோரம் அமர்ந்து வாசிக்கிறார்கள். உறவினர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளவும் முடிகிறது. இசையைக் கேட்கவும் முடிகிறது.

இது வரவேற்கத்தக்க மாற்றமே. ஆனால், அந்தக் கலைஞரை அமர்த்தும் முறை மட்டும் மாறவில்லை. 'சாயங்காலம் ஆறு மணிக்கு வந்துடுங்க, பார்த்துச் செஞ்சுடலாம்' என்ற ஒரே தொலைபேசிப் பேச்சில் எல்லாம் முடிந்துவிடுகிறது. எத்தனை மணி நேரம் வாசிக்க வேண்டும், ஒலிபெருக்கி யாருடையது, ஊதியம் எவ்வளவு, அது எப்போது கிடைக்கும், திருமணம் தள்ளிப்போனால் என்ன செய்வது ஆகிய எதற்கும் விடை இருப்பதில்லை.

பின்னலாடைத் தொழிலில் ஆணைத் தாள்களோடு பல ஆண்டுகள் பழகியவன் என்ற முறையில் எனக்கு இது வியப்பளிக்கிறது. இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கும் மேற்பட்ட பங்கைத் தரும் ஊர் திருப்பூர். துணியின் ஜி.எஸ்.எம். எவ்வளவு, நிறம் எது, லேபிள் எங்கே வர வேண்டும், ஒரு பெட்டியில் எத்தனை உருப்படிகள், சரக்கு கப்பலேறும் நாள் எது என அனைத்தையும் எழுதி வாங்காமல் ஒரு கிலோ துணியைக்கூட நாம் வெட்டுவதில்லை. சாம்பிள் ஒப்புதல் ஆகாமல் தையல் இயந்திரம் ஓடுவதில்லை. அதே நாம், வாழ்நாளில் ஒருமுறை நடக்கும் நிகழ்ச்சிக்கு ஒரு கலைஞரை அமர்த்தும்போது ஒரு வரிகூட எழுதிக்கொள்வதில்லை.

திருமணத்தில் நேரடி இசை என்பது இம்மண்ணுக்குப் புதிதன்று. நாகசுரமும் தவிலும் இல்லாத தாலிகட்டை நம் பெரியவர்கள் நினைத்தும் பார்க்க மாட்டார்கள். கொங்கு வேளாளர் திருமணங்களில் சீர்களை அருமைக்காரர் நடத்திவைக்க, கம்பர் இயற்றியதாக மரபு கூறும் மங்கள வாழ்த்தை முடிதிருத்தும் மரபைச் சேர்ந்தவர் பாடுவார். இக்கலைஞர்களை அமர்த்துவதற்கு அன்று எழுத்து தேவைப்படவில்லை. வெற்றிலைபாக்கு வைத்து அச்சாரம் கொடுத்தால் போதும், சொல் நின்றது. ஏனெனில் இரு தரப்பினரும் ஒரே வட்டாரத்தில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள். சொல் தவறியவர் அடுத்த திருவிழாவில் ஊர் முகத்தில் விழிக்க வேண்டும்.

இன்றைய நிலை வேறு. கிதார் கலைஞர் கோவையிலிருந்தோ ஈரோட்டிலிருந்தோ வருகிறார். அவரைக் குடும்பத்தார் இன்ஸ்டாகிராமில் ஒரு நிமிடக் காணொளியில் பார்த்திருப்பார்கள். இருவருக்கும் இடையில் நிகழ்ச்சி ஏற்பாட்டாளர் ஒருவர் இருப்பார். மண்டபக்காரர், மேடை அலங்காரம் செய்பவர், மைக் செட்காரர் எனப் பலரும் தனித்தனி. பழைய அச்சாரத்தைத் தாங்கி நின்ற ஊர்க்கட்டு இங்கே இல்லை. அந்த இடத்தை நிரப்பக்கூடியது எழுத்து ஒன்றுதான்.

கலைஞரின் தரப்பிலிருந்து இதைப் பார்ப்போம். அவர் விற்பது பாட்டை மட்டுமன்று, ஒரு நாளையும் சேர்த்தே விற்கிறார். ஆடியிலும் மார்கழியிலும் திருமணங்கள் இல்லை. புரட்டாசியைத் தவிர்ப்போரும் உண்டு. எஞ்சிய மாதங்களிலும் வளர்பிறை முகூர்த்தங்களையே பலர் நாடுகிறார்கள். தொழிற்சாலைகளுக்கு ஞாயிறுதான் விடுமுறை என்பதால், ஞாயிற்றுக்கிழமையில் வரும் முகூர்த்தங்களுக்குத் திருப்பூரில் தனி மதிப்பு உண்டு. இப்படி வடிகட்டிப் பார்த்தால் ஒரு கலைஞர் ஓராண்டில் பொருளீட்டக்கூடிய நாள்கள் மிகச் சிலவே.

அப்படிப்பட்ட நாள் ஒன்றுக்கு ஒரு குடும்பத்திடம் ஒப்புக்கொண்ட கலைஞர், அதே நாளுக்கு வரும் மற்ற அழைப்புகளையெல்லாம் மறுத்துவிடுகிறார். நிகழ்ச்சிக்கு இரண்டு நாள் முன்பு 'டி.ஜே. வைத்துவிட்டோம், நீங்கள் வர வேண்டாம்' என்று சொன்னால் அவருடைய இழப்பு அன்றைய ஊதியம் மட்டுமன்று; மறுத்த அழைப்புகளும்தான். விற்காமல் தேங்கிய பனியனைத் தள்ளுபடி விலையிலாவது தள்ளிவிடலாம். கடந்துபோன முகூர்த்த நாளை யாரிடம் விற்பது? எனக்குத் தெரிந்த இளங்கலைஞர் ஒருவர் ஒரே வைகாசி மாதத்தில் இரண்டு முகூர்த்தங்களை இவ்வாறு இழந்தார். பகலில் அலுவலக வேலை, மாலையில் இசை என வாழ்ந்த அவர், இப்போது திருமணங்களுக்கு வாசிப்பதையே குறைத்துக்கொண்டுவிட்டார்.

குடும்பத்தாரின் தரப்பிலும் நியாயமான குறைகள் உண்டு. காணொளியில் பார்த்த கலைஞருக்குப் பதிலாக வேறொருவர் வந்து நிற்பதும், ஆறு மணிக்கு வர வேண்டியவர் எட்டு மணிக்கு வருவதும், கேட்டிருந்த பாடல்கள் ஒன்றுகூட அவருக்குத் தெரியாமல் இருப்பதும் நடக்கின்றன. கைப்பேசி அணைக்கப்பட்டிருக்க, அச்சாரத்தோடு ஆளே காணாமற்போவதும் உண்டு.

இப்பூசல்களுக்கு விடை தேடி நாம் தொலைவு செல்ல வேண்டியதில்லை. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அச்சட்டத்தை வரைந்தவர்கள் தங்கள் விதிகளை விளக்கப் பாடகரையும் நடிகரையும் ஓவியரையுமே எடுத்துக்காட்டுகளாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்பது பலரும் அறியாத செய்தி.

அச்சட்டத்தின் 40-ஆவது பிரிவின்படி, ஒருவருடைய தனித்திறனை நம்பிச் செய்துகொள்ளப்பட்ட ஒப்பந்தத்தை அவரேதான் நிறைவேற்ற வேண்டும். ஓவியம் வரைந்து தருவதாக ஒப்புக்கொண்டவர் வேறொருவரை வரையச் சொல்ல முடியாது என்பது அங்குள்ள எடுத்துக்காட்டு. கிதாருக்கும் அதுவே பொருந்தும். குறிப்பிட்ட கலைஞரின் வாசிப்பைக் கேட்டு அவரை அமர்த்தியிருந்தால், குடும்பத்தாரின் இசைவின்றி மாற்றாளை அனுப்புவது ஒப்பந்த மீறல்.

கலைஞர் நோய்வாய்ப்பட்டால் என்ன செய்வது? 65-ஆவது பிரிவின் எடுத்துக்காட்டு நேரடியாகவே விடை தருகிறது. கச்சேரியில் பாடுவதற்கு 1,000 ரூபாய் முன்பணம் பெற்ற பாடகர், உடல்நலக் குறைவால் பாட இயலாவிட்டால் அந்த 1,000 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும்; ஆனால் கச்சேரி நடந்திருந்தால் ஏற்பாட்டாளருக்குக் கிடைத்திருக்கக்கூடிய லாபத்தை அவர் ஈடுகட்ட வேண்டியதில்லை. அதே பிரிவின் இன்னோர் எடுத்துக்காட்டில், ஐந்து இரவுகள் பாடிய பாடகி ஆறாம் இரவு வேண்டுமென்றே வராமல் போகிறார். ஒப்பந்தம் முறிந்தாலும், பாடிய ஐந்து இரவுகளுக்கான ஊதியம் அவருக்குக் கொடுக்கப்பட வேண்டும். செய்த வேலைக்குக் கூலி உண்டு, செய்யாத வேலைக்குப் பெற்ற பணம் திரும்ப வேண்டும் என்ற எளிய நீதிதான் இது.

காரணமின்றிக் குடும்பத்தார் நிகழ்ச்சியைக் கைவிட்டால், அதனால் இயல்பாக விளையும் இழப்புக்கு ஈடு கேட்கும் உரிமையை 73-ஆவது பிரிவு கலைஞருக்கு அளிக்கிறது. அந்த இழப்பைக் குறைக்கத் தம்மால் இயன்ற முயற்சியை அவர் செய்தாரா என்பதும் கணக்கில் கொள்ளப்படும். அந்நாளுக்கு வேறு வாய்ப்பு கிடைத்தும் அவர் வீட்டில் இருந்துவிட்டு முழுத்தொகையும் கேட்க முடியாது. ஈட்டுத் தொகையை முன்கூட்டியே எழுதிவைத்திருந்தால், அத்தொகையை உச்சவரம்பாகக் கொண்டு நியாயமான இழப்பீட்டைப் பெறலாம் என்கிறது 74-ஆவது பிரிவு.

வாய்மொழி ஒப்பந்தமும் சட்டப்படி செல்லும். ஆனால் அதை மெய்ப்பிப்பது எளிதன்று. சில ஆயிரம் ரூபாய்க்காக எந்தக் கலைஞரும் நீதிமன்றப் படியேறப் போவதில்லை, குடும்பத்தாரும் அவ்வாறே. வழக்குக்குப் போவதற்காக எழுதிக்கொள்ளச் சொல்லவில்லை. வழக்குக்கான தேவையே எழாமல் இருப்பதற்காகத்தான் எழுத்து. ஒரு பக்கத் தாள் போதும். வாட்ஸ்அப்பில் அனுப்பி 'சம்மதம்' என்று பதில் பெற்றாலும் போதும்.

அந்தத் தாளில் இருக்க வேண்டியவை என்று நான் கருதுவனவற்றைச் சொல்கிறேன். முதலாவது, வாசிப்பவரின் பெயர், நாள், மண்டபம், வந்து சேரும் நேரம், வாசிக்கும் நேரம். நான்கு மணி நேர வரவேற்பு என்றால் நான்கு மணி நேரமும் இடைவிடாமல் வாசிக்க மனித விரல்களால் இயலாது. நாற்பத்தைந்து நிமிட வாசிப்பு, பிறகு கால் மணி ஓய்வு எனப் பிரித்துக்கொள்வது இரு தரப்புக்கும் நலம். மணமக்கள் மேடையேறத் தாமதமானால் கூடுதல் நேரத்துக்கு என்ன ஊதியம் என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, பாடல்கள். கிதார் என்றதும் நம் மக்கள் மனத்தில் எழுவது திரையிசையின் ஒலி. 1982-இல் வெளிவந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்துக்காக இளையராஜாவின் இசையில் ஆர். சந்திரசேகர் வாசித்த கிதாரை இன்றும் கேட்டு மகிழ்பவர் பலர். ஆனால் ஒலிப்பதிவுக் கூடத்தில் பல கருவிகள் சேர்ந்து உருவாக்கிய ஒலியை ஒற்றைக் கிதாரிலிருந்து எதிர்பார்க்கக் கூடாது. கட்டாயம் வேண்டிய ஐந்தாறு பாடல்களை மூன்று வாரங்களுக்கு முன்பே சொல்லிவிட்டு, மற்றவற்றைக் கலைஞரின் தேர்வுக்கே விட்டுவிடுவது நல்லது. சாம்பிள் கேட்பது நம் தொழிலின் வழக்கம்தானே? இரண்டு பாடல்களை வெட்டாமல் ஒட்டாமல் நேரடியாக வாசித்த பதிவொன்றைக் கேட்டுவிட்டு முடிவு செய்யலாம்.

மூன்றாவது, ஒலிக்கருவியும் மின்சாரமும். இது வசதியைப் பற்றிய செய்தி மட்டுமன்று, உயிரைப் பற்றியது. மின்கிதாரின் உலோகத் தந்திகள் ஆம்ப்ளிஃபயரின் எர்த்தோடு இணைந்திருக்கும். மைக்கின் உலோகப் பகுதி மிக்ஸரின் எர்த்தோடு இணைந்திருக்கும். ஒன்று மண்டபத்தின் மின்இணைப்பிலும் மற்றொன்று எர்த் இல்லாத ஜெனரேட்டரிலும் ஓடி, அவற்றுள் ஏதேனும் ஒன்றில் மின்கசிவும் இருந்தால், தந்தியில் விரல் வைத்தபடி மைக்கைத் தொடுபவரின் உடல் வழியாக மின்சாரம் பாயும். 1972 மே மாதத்தில் பிரிட்டனின் ஸ்வான்சீ நகரில், லெஸ் ஹார்வி என்ற கிதார் கலைஞர் எர்த் செய்யப்படாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே உயிரிழந்தார். இரு கருவிகளுக்கும் ஒரே இடத்திலிருந்து மின்சாரம் எடுப்பது, மூன்றாவது பின்னை வெட்டிய பிளக்குகளைப் பயன்படுத்தாமல் இருப்பது, மின்கசிவைத் தடுக்கும் ஆர்.சி.சி.பி. பொருத்துவது ஆகிய மூன்றும் போதும். கலைஞர் வந்தவுடன் அரைமணி நேரம் ஒலிச் சோதனைக்கு ஒதுக்கி, மைக் செட்காரரை உடனிருக்கச் சொல்ல வேண்டும்.

நான்காவது, ஒலியின் அளவு. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, எழுத்துவழி அனுமதியின்றி ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை மூடிய அரங்குகளுக்குள் தவிர வேறெங்கும் அதற்கு இடமில்லை. குடியிருப்புப் பகுதிக்கான வரம்பு பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல். மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம். திருப்பூரில் இவ்விதிகளுக்கு இன்னொரு பொருளும் உண்டு. மண்டபத்தின் அடுத்த தெருவில் ஒடிசாவிலிருந்தும் பிகாரிலிருந்தும் வந்த தொழிலாளர்கள் ஓர் அறையில் பலராகத் தங்கி, இரவு ஷிப்ட் முடித்துப் பகலில் உறங்கிக்கொண்டிருப்பார்கள். நம் மகிழ்ச்சி அவர்கள் உறக்கத்தைப் பறிக்கலாகாது. பேரொலியை நாடாத கிதார் இசை இந்த வகையிலும் நல்ல தேர்வு.

ஐந்தாவது, காப்புரிமை. திரைப்பாடல்களை வாசித்தால் உரிமத்தொகை கட்ட வேண்டுமா என்ற அச்சம் பலருக்கு இருக்கிறது. மேடைகளில் தம் பாடல்களைப் பாடுவது தொடர்பாக 2017-இல் இளையராஜா, எஸ்.பி. பாலசுப்ரமணியத்துக்கு வழக்குரைஞர் அறிவிக்கை அனுப்பிய பிறகு இக்கேள்வி பரவலாகியது. அது கட்டணக் கச்சேரிகளைப் பற்றியது. திருமணத்துக்குச் சட்டம் தனி இடம் தந்திருக்கிறது. 1957-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம், பிரிவு 52(1)(இசட்.ஏ), உண்மையான சமயச் சடங்குகளின்போது பாடல்களை இசைப்பது உரிமை மீறல் ஆகாது என்கிறது, திருமண ஊர்வலமும் திருமணத்தைச் சார்ந்த பிற சமூகக் கொண்டாட்டங்களும் இதில் அடங்கும் என்று விளக்கமும் தருகிறது. இதை வலியுறுத்தி ஒன்றிய அரசின் தொழில், உள்நாட்டு வர்த்தக மேம்பாட்டுத் துறை 2023 ஜூலையில் பொது அறிவிக்கை வெளியிட்டது. இவ்விலக்கின் எல்லை குறித்து நீதிமன்றங்களில் வாதங்கள் நடந்துள்ளன. எனினும் சட்டத்தின் சொற்கள் தெளிவானவை. ஆனால் நிறுவனத்தின் ஆண்டு விழாவுக்கும் பிறந்தநாள் விருந்துக்கும் இவ்விலக்கு பொருந்தாது. அங்கே உரிமம் பெற வேண்டியவர் யார் என்பதைத் தாளில் குறிப்பிட்டுவிட வேண்டும்.

காணொளி பற்றியும் ஒரு சொல். தம் நிகழ்ச்சியைப் பதிவு செய்ய அனுமதிக்கும் உரிமையை அதே காப்புரிமைச் சட்டம் கலைஞருக்கும் வழங்குகிறது. குடும்பத்தின் சொந்தப் பயன்பாட்டுக்குப் படம் எடுப்பதில் தடையில்லை. அதையே ஒரு ஸ்டுடியோ தன் விளம்பரத்துக்காக வெளியிடுவதென்றால் கலைஞரின் இசைவு வேண்டும்.

ஆறாவதும் முதன்மையானதும் ஊதியம். ஒரு பகுதியை அச்சாரமாகவும், எஞ்சியதை வாசித்து முடித்த அன்றே மண்டபத்திலும் கொடுத்துவிட வேண்டும். திருப்பூரில் சனிக்கிழமை வாரச் சம்பளம் தவறினால் என்ன நடக்கும் என்பது எல்லா முதலாளிகளுக்கும் தெரியும். கலைஞரிடம் மட்டும் 'மொய்க் கணக்கு முடியட்டும், அடுத்த வாரம் பார்க்கலாம்' என்று சொல்லத் துணிகிறோம். ஏற்பாட்டாளர் வழியாக அமர்த்தினால், மொத்தத் தொகையில் கலைஞரின் பங்கு எவ்வளவு என்பதைக் கேட்டறிவது குடும்பத்தாரின் கடமை. ஜாப் ஒர்க் கைமாறிக் கைமாறிச் செல்லும்போது கடைசியில் தைப்பவருக்கு என்ன மிஞ்சுகிறது என்பதை இவ்வூர் நன்கறியும்.

கைவிடலுக்கும் ஓர் அளவுகோல் வேண்டும். ஒரு மாதத்துக்கு முன்பே சொன்னால் அச்சாரத்தைத் திருப்பித் தருவது. பதினைந்து நாள்களுக்குள் என்றால் அச்சாரத்தை விட்டுக்கொடுப்பது. கடைசி வாரம் என்றால் பாதி ஊதியம். இப்படி ஏதேனும் ஒரு வரிசையைப் பேசி எழுதிக்கொள்ளலாம். குடும்பத்தில் துக்கம் நேர்ந்து திருமணம் தள்ளிப்போனால், அதே அச்சாரத்தைப் புதிய நாளுக்கு ஏற்றுக்கொள்வது கலைஞரின் பெருந்தன்மை. அவர் வீட்டில் அத்தகைய இடர் நேர்ந்தால், அச்சாரத்தை மட்டும் பெற்றுக்கொண்டு அவரைப் பழிக்காமல் விடுவது குடும்பத்தாரின் பெருந்தன்மை.

இறுதியாக, எழுத்தில் அடங்காத ஒன்றும் உண்டு. மேளக்காரருக்குக் கடைசிப் பந்தி, பறை இசைப்பவருக்கு மண்டபத்தின் வெளிப்புறம் என்றிருந்த காலத்தின் நிழல் இன்னும் முற்றாக விலகிவிடவில்லை. மேடையில் கிதார் வாசிப்பவருக்கு நாற்காலி போட்டுக் கைகுலுக்கும் நாம், வாசலில் நாகசுரம் வாசிப்பவர் குடிக்கத் தண்ணீர் கேட்கும் நிலையில் வைத்திருந்தால் நம் ரசனைக்குப் பொருளில்லை. தாளும் அச்சாரமும் அன்றே தரும் ஊதியமும் விருந்தினரோடு ஒத்த உணவும் நாகசுரம், தவில், பறை, கிதார் என அனைவருக்கும் பொதுவாக வேண்டும்.

வெளிநாட்டு வணிகர் தம் ஆணையைக் காரணமின்றி ரத்து செய்தால் நம் நெஞ்சம் எவ்வாறு பதறும் என்பதை 2020-ஆம் ஆண்டின் பொதுமுடக்கக் காலத்தில் திருப்பூர் பட்டறிந்தது. வெட்டிய துணியும் தைத்த உடையும் கிடங்கில் கிடக்க, எழுதிய ஒப்பந்தம் ஒன்றே பலருக்குப் பிடிமானமாக இருந்தது. அந்தப் பிடிமானத்தை நம் வீட்டுத் திருமணத்துக்கு வாசிக்க வரும் கலைஞருக்கும் அளிப்போம். அடுத்த முகூர்த்தத்துக்கு நாள் குறிக்கும்போது, சமையல்காரருக்கு எழுதிக் கொடுக்கும் பட்டியலோடு இசைக் கலைஞருக்கும் ஒரு தாளைச் சேர்த்து எழுதினால் போதும். அதற்கு ஆகும் செலவு பத்து நிமிடம்தான்.